படையைத் திரும்ப அழைத்தால் செலவு குறையுமா? 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அமைச்சரவை எடுத்த முடிவு குறித்து ஒரு கேள்வி

நெய்தல்வாசன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே நிறுத்தியிருந்த படைகளை 1971ஆம் ஆண்டின் முடிவுக்குள் திரும்ப அழைத்துக்கொள்வதாக 1968 ஜனவரி 16 அன்று பிரதமர் ஹரால்ட் வில்சன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா ஆகிய மூன்றும் அதில் அடங்கும், ஹாங்காங் விதிவிலக்கு. இந்த முடிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். எங்கு படித்தாலும் "பிரிட்டனிடம் பணம் இல்லை, ஆகவே வெளியேறியது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் கணக்கைப் பார்க்கும்போது அந்த வரி நிற்கவில்லை.

வளைகுடாவில் படை வைத்திருந்ததற்கான அந்நியச் செலாவணிச் செலவு ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி பவுண்டு மட்டுமே. அந்தத் தொகையைத் தாமே தருவதாக அபுதாபி ஆட்சியாளர் ஷேக் சாயித் முன்வந்தார். துபாய் ஆட்சியாளர் ஷேக் ரஷீதும் அதே போலப் பேசினார். இருந்தும் பிரிட்டன் மறுத்துவிட்டது. மறுபுறம், சிங்கப்பூரிலிருந்து வெளியேறுவதற்காக அந்நாட்டுக்கு 5 கோடி பவுண்டும் மலேசியாவுக்கு 2.5 கோடி பவுண்டும் சிறப்பு உதவியாக, பெரும்பகுதி கடனாகவும் எஞ்சியது நன்கொடையாகவும், தர ஒப்புக்கொண்டது. காசு கொடுக்க வந்தவரிடம் வாங்க மறுத்து, விட்டுப் போகும் இடத்துக்குக் காசு கொடுப்பது என்ன வகைச் சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை.

வீரர்களையும் குடும்பங்களையும் கப்பலேற்றுவது, அவர்களுக்குத் தாய்நாட்டில் குடியிருப்பு அமைப்பது, உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு ஈட்டுத்தொகை தருவது, கட்டிய தளங்களைக் கைவிடுவது எனத் திரும்ப அழைப்பதற்கே ஒரு செலவு உண்டல்லவா? அதை அமைச்சரவை எந்தக் கணக்கில் வைத்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.


கணக்காயன் (மறுமொழி):

நல்ல கேள்வி. ஒரு படைத்தளத்துக்கு இரண்டு செலவுக் கணக்குகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் நீங்கள் சொல்லும் முரண் தோன்றுகிறது.

ஒன்று வரவுசெலவுத் திட்டத்தில் வரும் செலவு. வீரரின் சம்பளம், உணவு, கருவிகள், ஓய்வூதியம் எல்லாம் இதில் சேரும். அவர் சிங்கப்பூரில் இருந்தாலும் இங்கிலாந்தில் இருந்தாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மற்றொன்று அந்நியச் செலாவணிச் செலவு. அவர் தம் சம்பளத்தை எந்த நாட்டில் செலவழிக்கிறார், முகாமுக்கான காய்கறி எங்கே வாங்கப்படுகிறது, துறைமுகத் தொழிலாளிக்கு எந்த நாணயத்தில் கூலி தரப்படுகிறது என்பனவெல்லாம் இதில் அடங்கும். 1964 அக்டோபரில் வில்சனின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது எதிர்கொண்ட பெரும் நெருக்கடி இந்த இரண்டாவது கணக்கில்தான் இருந்தது. அயல்நாட்டுச் செலுத்துநிலையில் (நாட்டுக்குள் வரும் பணத்துக்கும் வெளியே போகும் பணத்துக்கும் உள்ள கணக்கில்) பெரும் பற்றாக்குறை, பவுண்டின் மீது ஓயாத நெருக்குதல், அதன் மேல் தேசிய வருமானத்தில் சுமார் 7 விழுக்காட்டை விழுங்கிக்கொண்டிருந்த பாதுகாப்புச் செலவு. பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலிக்கு 1964 விலைவாசிப்படி 200 கோடி பவுண்டு என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்குள் அடக்குவதற்காகவே 1966 பிப்ரவரி வெள்ளை அறிக்கையில் புதிய விமானந்தாங்கிக் கப்பல் திட்டம் கைவிடப்பட்டது. கடற்படை அமைச்சர் கிறிஸ்டோபர் மேஹியூவும் கடற்படைத் தலைமைத் தளபதி டேவிட் லூஸும் அதை எதிர்த்துப் பதவி விலகினார்கள்.

அடுத்து 1967 நவம்பர் 18. பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. இதன் விளைவைச் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே பார்க்கலாம். அதே ஆண்டு ஜூனில் வெளிவந்திருந்த புதிய சிங்கப்பூர் டாலர், பவுண்டோடு சேர்ந்து இறங்கவில்லை. அதுவரை ஒரு பவுண்டுக்கு 8.57 சிங்கப்பூர் டாலர் கிடைத்தது. அதன் பிறகு சுமார் 7.35 தான். மாதம் 300 டாலர் கூலி பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொண்டால், முந்தைய நாள் வரை அவருக்காக லண்டன் செலவழித்தது 35 பவுண்டு. மறுநாளிலிருந்து ஏறக்குறைய 41 பவுண்டு. ஒரு வீரர்கூடக் கூடவில்லை, ஒரு தோட்டாகூட வாங்கப்படவில்லை, ஆனாலும் உள்ளூர்ச் செலவு ஆறில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது. மதிப்புக் குறைப்பினால் நாட்டுக்கு ஏற்றுமதி ஆதாயம் கிடைக்க வேண்டுமானால் அரசு தன் செலவைச் சுருக்கியாக வேண்டும் என்பது, அந்த மாத இறுதியில் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற ராய் ஜென்கின்ஸின் நிலைப்பாடு.

இனி, திரும்ப அழைப்பதற்கான செலவு. படையை இடம் மாற்றுவதால் அந்நியச் செலாவணி மட்டுமே மிச்சமாகும். வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்றும் மிச்சமாகாது, முதல் சில ஆண்டுகளில் கூடுதலாகவே செலவாகும். சிங்கப்பூரில் குடும்பத்தோடு வசித்த படைவீரருக்கு இங்கிலாந்தில் வீடு வேண்டும். அவருடைய படைப்பிரிவுக்கு முகாமும் பயிற்சித் திடலும் வேண்டும். ஆகவே உண்மையான சேமிப்பு படையைக் கலைத்தால்தான் கிடைக்கும். 1967 ஜூலை வெள்ளை அறிக்கை எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் சீருடைப் பணியாளர்களில் 75,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னதன் பொருள் இதுவே. கூர்க்காப் படை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கப்பட்டது. ஏடனில் 1967இல் பெயர் வாங்கிய ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படைப்பிரிவைக் கலைப்பதாக மறு ஆண்டே அறிவிப்பு வந்தது. அதைக் காப்பாற்றக் கோரிய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அயல்நாட்டுத் தளத்தை மூடும்போது வராத கூச்சல், உள்நாட்டுப் படைப்பிரிவைத் தொட்டவுடன் எழுந்தது. அந்தக் கூச்சலும் ஒரு செலவுதான், எந்த ஏட்டிலும் பதிவாகாவிட்டாலும்.

செலவு முன்னதாகவும் சேமிப்பு பின்னதாகவும் வருவதால், விவாதம் முழுவதும் தேதியைச் சுற்றியே நடந்தது. நிதியமைச்சகம் 1971 மார்ச்சைக் கேட்டது. பாதுகாப்பு, வெளியுறவு, காமன்வெல்த் துறைகள் 1972 வரையாவது இழுக்கப் பார்த்தன. கடைசியில் 1971 டிசம்பர் என்று முடிந்தது.


கடல்முகம் (மறுமொழி):

கணக்காயன் அவர்கள் லண்டன் பக்கத்தை விளக்கிவிட்டார். சிங்கப்பூர்ப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த 5 கோடி பவுண்டு எதற்கு என்பது புரியாது.

தளங்களும் அவற்றைச் சார்ந்த செலவும் அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தீவின் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு படைகளின் கையில் இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளம், சாங்கி, தெங்கா, சிலேத்தார் விமானத் தளங்கள் ஆகியவற்றில் பல்லாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களுடைய கூலியை நம்பிக் கடை வைத்தவர்கள், வீடு வாடகைக்கு விட்டவர்கள், சலவை செய்தவர்கள், வீட்டு வேலை பார்த்தவர்கள் இன்னும் பலர். செம்பவாங்கில் மலையாளிகளும் தமிழர்களும் பெருந்தொகையாக இருந்தனர். "நேவல் பேஸ்" என்ற பெயர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல குடும்பங்களுக்கு ஊர்ப்பெயர் போலப் பழகியிருந்தது. குடியுரிமை இல்லாத பலர் ஈட்டுத்தொகையை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கே திரும்பினார்கள். எங்கள் உறவினர்களிலும் அப்படித் திரும்பியவர்கள் உண்டு. தளம் மூடப்படும் என்ற செய்தியை அந்தத் தலைமுறை ஒரு நாடு தன் படையை அழைத்துக்கொள்ளும் செய்தியாகப் பார்க்கவில்லை. பிழைப்பு போகும் செய்தியாகவே பார்த்தது.

1965 ஆகஸ்டில் தனி நாடாகிய சிங்கப்பூருக்கு அப்போது வயது இரண்டரை. ஆகவே முடிவு முழுமையாக உறுதியாகும் முன்பே சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்குப் பறந்தார். பிரிட்டிஷ் வங்கி, கப்பல், காப்பீட்டு நிறுவனங்களின் நலன்களைத் தொட நேரிடலாம் என்பதையும் சிங்கப்பூர் வைத்திருந்த பவுண்டு இருப்பை வெளியே எடுக்க இயலும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பவுண்டு மதிப்பிழந்ததால் ஏற்கெனவே நட்டமடைந்திருந்த ஒரு நாட்டிடமிருந்து வந்த மிரட்டல் அது. வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அவர் கேட்டது 1973. கிடைத்தது மார்ச்சிலிருந்து டிசம்பருக்கு ஒன்பது மாதம். நிதியமைச்சகத்தின் கணக்கில் இந்த ஒன்பது மாதம் ஒரு சிறு தொகைதான். ஆனால் 1966 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுள் 1971 வசந்த காலத்துக்கு மேல் நீடிக்காது. வெளியேறும் நாள் தேர்தலுக்குப் பிந்தியதாகிவிட்டால் புதிய அரசு அதை மாற்றி எழுத வழி இருக்கும். அந்த வாசலைத் திறந்து வைப்பதற்காகத்தான் அவர் ஒன்பது மாதத்தையும் பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பது என் கருத்து.

கைவிடப்பட்ட சொத்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிட்டன் அவற்றுக்கு விலை கேட்கவில்லை. 1938இல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் உலர்துறையோடு கூடிய செம்பவாங் கப்பல் பழுதுபார்க்கும் தளம் பெயரளவுக்கு ஒரு டாலருக்குக் கைமாறி, 1968லேயே செம்பவாங் கப்பல் பட்டறை என்ற வணிக நிறுவனமாயிற்று. சாங்கி விமானத் தளம் இருந்த இடத்தில் 1981இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. போருக்கு முன் பல கோடி பவுண்டு கொட்டிக் கட்டியதை ஒரு டாலருக்குத் தந்தது லண்டனின் கணக்கில் செலவாகவே தோன்றவில்லை. ஏனென்றால் அந்தப் பணம் என்றோ செலவழிந்துபோனது. பெயர்த்து எடுத்துச் செல்லவும் முடியாது. வேறு எவருக்கும் விற்க அரசியல் இடம் தராது. சிங்கப்பூருக்கோ அது முதலீடு. தளங்களைத் தொழிலுக்கு மாற்றுவதற்கென்றே தனித் துறை ஒன்றை அரசு அமைத்தது. 1968இல் வேலைவாய்ப்புச் சட்டத்தை இறுக்கி, அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்ததும் இதே நெருக்கடியின் விளைவு. அந்த இறுக்கத்தின் விலையைத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள் என்பதையும் உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.


ஏட்டுச்சுவடி (மறுமொழி):

மேலே இருவரும் சொன்னவற்றில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் வளைகுடாக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அதற்கு அந்நியச் செலாவணிக் கணக்கும் விடையாகாது. ஏனெனில் அந்தக் கணக்கையே ஷேக்குகள் நிரப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

நடந்த வரிசையைப் பாருங்கள். 1967 நவம்பரில் வெளியுறவு இணையமைச்சர் கோரொன்வி ராபர்ட்ஸ் வளைகுடா ஆட்சியாளர்களை நேரில் கண்டு, பிரிட்டன் இங்கேயே இருக்கும் என்று உறுதி கூறிவிட்டு வந்தார். 1968 ஜனவரியின் தொடக்கத்தில் அதே மனிதர் அதே ஆட்சியாளர்களிடம் போய், நாங்கள் வெளியேறப்போகிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இடைப்பட்ட வாரங்களில் வளைகுடாப் படையின் செலவு மாறிவிடவில்லை. லண்டனில் சேமிப்புத் தொகுப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அந்தத் தொகுப்பில் என்னென்ன இருந்தன என்பதுதான் முக்கியம். 1965இல் தொழிற்கட்சியே ஒழித்த மருந்துச் சீட்டுக் கட்டணம் மீண்டும் வந்தது. பள்ளியை விட்டு விலகும் வயதைப் பதினாறாக உயர்த்துவது 1971இலிருந்து 1973க்குத் தள்ளிப்போனது. அதை ஏற்க மறுத்து லாங்ஃபோர்ட் பிரபு அமைச்சரவையிலிருந்து விலகினார். இடைநிலைப் பள்ளிகளில் இலவசப் பால் நின்றது. தன் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளை வெட்டிவிட்டு, பஹ்ரைனிலும் சார்ஜாவிலும் படையை அப்படியே வைத்திருந்தால் கட்சி உறுப்பினர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? வளைகுடாவின் 1.2 கோடி பவுண்டு சேமிப்புக்காக வெட்டப்படவில்லை, உள்நாட்டு வெட்டுகளுக்கு ஈடாகக் காட்டுவதற்காக வெட்டப்பட்டது. ஹீலி கடைசி வரை போராடிய அமெரிக்காவிடம் வாங்கவிருந்த ஐம்பது எஃப்-111 போர் விமானங்களும் அதே நாளில் ரத்தாயின.

ஷேக்குகளின் பணத்தை ஏன் வாங்கவில்லை? தொலைக்காட்சிப் பேட்டியில் இதைக் கேட்டபோது, அரபு ஷேக்குகளுக்கு வெள்ளை அடிமைகளை விற்கும் தரகனாக இருப்பதில் தமக்கு விருப்பமில்லை என்ற பொருளில் ஹீலி பதில் சொன்னார். பிறகு அதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. வாய்த்துடுக்கான பேச்சுதான். ஆனால் அதே பிரிட்டன், ரைன் ஆற்றங்கரைப் படையின் அந்நியச் செலாவணிச் செலவை ஈடுகட்டித் தரும்படி மேற்கு ஜெர்மனியிடம் ஆண்டுதோறும் பேரம் பேசிக்கொண்டிருந்தது. ஜெர்மானியரின் பணம் கூட்டாளியின் பங்கு, அரபியரின் பணம் கூலி என்று எந்த நியாயத்தில் பிரித்தார்கள் என்பதை எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. பணம் தருபவர் கட்டளையிடவும் கூடும் என்ற அச்சமும் இருந்திருக்கும். அதைவிட வலுவான காரணம் ஒன்றுண்டு. வளைகுடாவில் இருந்த சிறு படைக்குப் பின்புலமாகப் போர்க்கப்பல், போக்குவரத்து விமானம், இங்கிலாந்தில் தயார்நிலைப் படை ஆகியவை வேண்டும். அந்தப் பின்புலத்தைக் கலைத்தால்தான், கணக்காயன் சொன்னபடி, உண்மையான சேமிப்பு கிடைக்கும். ஷேக்குகள் தர முன்வந்தது முன்னணியில் தெரியும் தொகையை மட்டுமே.

அமெரிக்காவையும் மறந்துவிடக் கூடாது. 1965 முதல் பவுண்டைத் தாங்கிப் பிடித்த நாடு அது. பதிலுக்கு பிரிட்டன் சூயஸுக்குக் கிழக்கே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, ஒப்பந்தமாக எழுதப்படாவிட்டாலும், இரு பக்கமும் அறிந்ததே. வியட்நாமில் சிக்கியிருந்த வாஷிங்டன், ஜனவரியில் செய்தி சொல்லப் போன பிரிட்டிஷ் வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் பிரவுனை அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் வாயிலாக வறுத்தெடுத்து அனுப்பியது. ஆனால் பவுண்டின் மதிப்பு அதற்குள் விழுந்துவிட்டது. 2.80 என்ற எண்ணைக் காப்பாற்றுவதற்குத்தான் அமெரிக்கத் தயவு தேவைப்பட்டது. அந்த எண்ணே போன பிறகு, வெளியேறுவதற்குக் கொடுக்க வேண்டியிருந்த மிகப் பெரிய விலை பெருமளவு குறைந்துவிட்டது. 1966இல் முடியாதது 1968இல் முடிந்ததற்கு இதையே நான் முதற்காரணமாகச் சொல்வேன்.


வடதிசை (மறுமொழி):

திரும்ப அழைப்பதற்கான செலவு ஏட்டில் வெளிப்படையாக எழுதப்பட்ட ஒரு நிகழ்வையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1990இல் ஜெர்மனி ஒன்றுபட்டபோது கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொள்ளச் சோவியத் ஒன்றியம் கேட்ட முதல் பொருள் வீடு. ஊர் திரும்பும் அதிகாரிக்குத் தங்க இடமில்லை. கூடாரத்தில் வைத்தால் படைக்குள் கொந்தளிப்பு எழும். அந்தச் செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித்தலைவர் ஹெல்முட் கோல் தொலைபேசியில் 800 கோடி மார்க் என்றார். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அது போதாது என்று மறுத்துவிட்டார். சில நாள்களில் 1,200 கோடி மார்க்கும், அதன் மேல் 300 கோடி வட்டியில்லாக் கடனும் என்று முடிந்தது. அதில் 780 கோடி மார்க் வீடு கட்டுவதற்கு மட்டும். பிறகு, வெளியேறும் நாளை நான்கு மாதம் முன்னதாக 1994 ஆகஸ்ட் 31க்குக் கொண்டுவருவதற்கு ரஷ்யாவுக்கு 55 கோடி மார்க் கூடுதலாகத் தரப்பட்டது. சிங்கப்பூர் ஒன்பது மாதத்தைத் தள்ளிப்போடப் போராடியது. ஜெர்மனி நான்கு மாதத்தைக் குறைக்கப் பணம் கொடுத்தது.

பிரிட்டனே ஜெர்மனியிலிருந்து சுமார் 20,000 வீரர்களை அழைத்துக்கொள்ள 2010இல் முடிவு செய்து, 2013இல் வெளியிட்ட முகாம் திட்டத்தில் தாய்நாட்டில் 180 கோடி பவுண்டு செலவிட வேண்டும் என்றும் அதனால் ஆண்டுக்கு 24 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றும் கணக்கிட்டது. போட்ட பணம் திரும்ப ஏழரை ஆண்டு. 1968இல் இப்படி ஒரு வரவுசெலவு மேசைமேல் வைக்கப்பட்டிருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கும் என நினைக்கிறேன்.


நெய்தல்வாசன்:

அனைவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி அவர்களின் விளக்கத்தால் வளைகுடா முடிச்சு அவிழ்ந்தது. ஒரே ஒரு ஐயம். 1970 ஜூனில் எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் அரசு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்த முடிவைக் கடுமையாகச் சாடியவர்கள் அவர்கள். அப்படியானால், லீ குவான் யூ திறந்து வைத்த வாசல் பயன்பட்டதா?


கடல்முகம்:

பாதி பயன்பட்டது. வளைகுடாவில் அந்த வாசல் திறக்கவே இல்லை. ஹீத் அரசு அனுபவம் மிக்க வில்லியம் லூஸைத் தூதராக அனுப்பி நிலைமையை ஆராய்ந்தது. போவதாக ஒரு முறை அறிவித்துவிட்ட பிறகு, அங்கிருந்த ஆட்சியாளர்களும் ஈரானும் அதற்கேற்பக் காய் நகர்த்தியிருந்தார்கள்; திரும்ப இருக்க முயல்வது போவதைவிடச் செலவு மிக்கதாக ஆகியிருந்தது. 1971 மார்ச்சில் அதே கெடுவை உறுதி செய்தார்கள். நவம்பர் 30 அன்று ஈரான் வளைகுடாவிலுள்ள டன்ப் தீவுகளைக் கைப்பற்றியது. டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் உருவாயிற்று.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய படையமைப்பு திட்டமிட்டபடியே 1971இல் கலைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளின் பாதுகாப்பு ஏற்பாடு நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் பிரிட்டன் ஒரு சிறு படையை மட்டும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு சேர்த்து நிறுத்தியது. தாக்குதல் நடந்தால் பாதுகாப்போம் என்ற கடப்பாடு போய், கலந்து பேசுவோம் என்ற கடப்பாடு வந்தது. செலவைப் பொறுத்தவரை இதுதான் பெரிய மாற்றம். கடப்பாடு சுருங்கினால் அதற்காகத் தாய்நாட்டில் தயார்நிலையில் வைக்க வேண்டிய படையும் சுருங்கும். 1974இல் மீண்டும் தொழிற்கட்சி வந்து பாதுகாப்பு அமைச்சர் ராய் மேசனின் மறுஆய்வில் அந்தச் சிறு படையையும் வெட்டியது. 1976இல் கடைசிப் பிரிவுகள் சிங்கப்பூரை விட்டுப் போயின. ஐந்து நாட்டு ஏற்பாடு மட்டும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. செம்பவாங்கில் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் ஒரு சிறிய பிரிட்டிஷ் பிரிவும் இன்றுவரை இயங்கிவருகிறது.